நண்டுக் கொடியின் மறுமுனை

கூடைக் கட்சிக்கு எல்லாம் இருந்தது. கொள்கை இருந்தது, கொடி இருந்தது, வருஷா வருஷம் மாநாடு இருந்தது, மாநாட்டுக்குக் கூட்டமும் இருந்தது. ஜனாதிபதி மட்டும் இல்லை. அந்தத் தீவு நாட்டில் எப்போது தேர்தல் வந்தாலும் நண்டுக் கட்சிக்காரர் யாராவது ஒருவர் ஜெயித்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்.

கூடைக் கட்சியின் பாசறையை நடத்திவந்தவர் மாசிலாமணி. கடலோரத்தில் ஒரு முந்திரித் தோப்பு, அதன் நடுவே ஓடு வேய்ந்த நீளமான ஒரு கட்டடம். கட்சிக்கு ஆள் தயார் செய்வது அங்கேதான். மாசிலாமணி ஜனாதிபதித் தேர்தலில் மூன்று முறை நின்று மூன்று முறையும் தோற்றவர். தோற்றவரிடம் போய் ஜெயிக்கிற வழி கேட்கிறார்களே என்று நண்டுக் கட்சிக்காரர்கள் சிரிப்பார்கள். கூடைக் கட்சிக்காரர்கள் வேறு யாரிடம் போவார்கள்? ஜெயித்தவர் ஒருவர்கூட அவர்கள் கட்சியில் இல்லையே.

ஒரு நாள் சாயங்காலம் அறவாழி அங்கே வந்தார்.

அறவாழி பாசறையின் பழைய மாணவர். இப்போது கட்சியின் முதல் பேச்சாளர். அவர் பேசுகிறார் என்றால் பக்கத்து ஊரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். குருவுக்கும் சீடனுக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. இருவருக்குமே மூட்டு வலி. ஆனாலும் அறவாழி குருவைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவார்.

மாசிலாமணி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு கேள்வி" என்றார் அறவாழி.

"கேளு."

"ஒரு கட்சிக்கு ஜெயிக்கிற வேட்பாளர் யாரு?"

மாசிலாமணி நிமிர்ந்து பார்த்தார். "இதை என்கிட்டயா கேக்குற?"

"உங்களைவிட்டா யாரு இருக்காங்க?"

"வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற சபை எப்போ கூடுது?"

"வர்ற ஞாயித்துக்கிழமை. நானும் தங்கப்பழமும்தான் போட்டி."

பெயரைச் சொல்லும்போதே அவர் வாய் கோணிக்கொண்டது. மாசிலாமணி அதைப் பார்த்தார். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சரி. உன்கிட்ட என்ன இருக்குன்னு சொல்லு."

அறவாழி சொன்னார். முப்பது வருஷ உழைப்பு. நான்கு முறை சிறை. கொள்கையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பேச்சுக்குக் கைதட்டாத ஊர் இந்தத் தீவில் கிடையாது. சொல்லி முடித்தபோது மாசிலாமணி வாசலைத்தான் பெருக்கி முடித்திருந்தார்.

"தங்கப்பழத்துக்கிட்ட என்ன இருக்கு?"

"என்ன இருக்கா? ஒண்ணுமே இல்லை ஐயா!"

"அதைச் சொல்லு."

குரு விளக்குமாற்றோடு தோப்புக்குள் இறங்கினார். சீடன் சொல்லிக்கொண்டே பின்னால் போனார்.

தங்கப்பழத்துக்குப் பேச வராது. மைக்கைப் பிடித்தால் தொண்டையைச் செருமுவதிலேயே பாதி நேரம் போய்விடும். கட்சியின் கொள்கை அறிக்கையை முழுதாகப் படித்திருக்கவே மாட்டான். பாசறையில் பக்கத்துப் பாயில் படுத்தவன்தானே, தெரியாதா? அவனுக்குப் பேச்சு எழுதிக்கொடுத்ததெல்லாம் யார், நான்தானே! ஊர்வலத்தில் முன்னால் வரமாட்டான், தண்ணீர் வண்டியோடு பின்னால் வருவான். யார் வீட்டுக்குப் போனாலும் அடுப்படிவரை போய்ப் பேசுவான். கல்யாணத்தில் முதல் பந்தியில் உட்காரமாட்டான். அவன் சிரிக்கிறதைக் கவனித்திருக்கிறீர்களா? எல்லாரும் சிரித்து முடித்த பிறகு சிரிப்பான், அதைப் பார்த்து எல்லாரும் மறுபடி சிரிப்பார்கள். அவனுக்கு முழுக்கைச் சட்டை பொருந்தவே பொருந்தாது, இருந்தாலும் போட்டுக்கொள்வான். போன வருஷம் வடக்கே வெள்ளம் வந்தபோது நான் மூன்று கண்டனக் கூட்டம் போட்டேன். பத்திரிகையில் என் படம் வந்தது. ஜனங்கள் யாரைப் பற்றிப் பேசினார்கள் தெரியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மணல் மூட்டை தூக்கினானே, அவனைப் பற்றி!

சருகுகள் பெரிய குவியலாகிவிட்டன. தோப்பு முழுவதும் சுத்தமாகியிருந்தது. அறவாழி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றார் மாசிலாமணி. "இதுக்கு மேல பெருக்க இடம் இல்லை."

அறவாழி சட்டென்று நிறுத்தினார். முகம் சூடாகிவிட்டது.

"ஐயா, நீங்க சபைக்கு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மாவட்டச் செயலாளருங்க எல்லாரும் உங்க ஆளுங்க."

"என் வார்த்தையைக் கேட்டு இந்த நாடு எப்போ ஓட்டுப் போட்டிருக்கு?"

"அப்போ நான் கேட்டதுக்குப் பதில்?"

"உப்பளச்சேரி தெரியுமா?"

தெரியாமல் என்ன? நண்டுக் கட்சியின் கோட்டை. கூடைக் கட்சிக்காரர் அங்கே டீ குடித்தால்கூடச் சர்க்கரை குறைத்துப் போடுவார்கள் என்று பேச்சு.

"அங்கே போ. ரெண்டு நாள் இரு. எங்க ரெண்டு பேர்ல யாரு நின்னா நீங்க கூடைக்கு ஓட்டுப் போடுவீங்கன்னு கேளு. இதைத் தவிர வேற எதுவும் பேசாத. அவங்க என்ன சொன்னாலும் பதில் சொல்லாத."

"பதில் சொல்லக் கூடாதா?"

"கூடாது."

அறவாழிக்கு நான்கு முறை ஜெயிலுக்குப் போனதுகூட இவ்வளவு கஷ்டமாகப் படவில்லை. இருந்தாலும் குரு சொல். மறுநாள் காலை பஸ் ஏறினார்.

உப்பளச்சேரியில் அவரைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. பஸ் நிலையத்திலேயே இரண்டு பேர் வந்து கைகுலுக்கினார்கள். "ஐயா பேச்சுன்னா எங்களுக்கு உசிரு" என்றார் ஒருவர். சட்டைப் பையில் நண்டுச் சின்னம் குத்தியிருந்தார். டீயில் சர்க்கரையும் சரியாகவே இருந்தது. அறவாழிக்கு உற்சாகம் பிறந்தது. தங்கப்பழத்துக்கு இப்படி யாராவது கைகொடுப்பார்களா என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷமான நேரத்திலும் அவருக்கு முதலில் நினைவு வருவது தங்கப்பழம்தான்.

கடைத்தெருவில் ஒரு தையல் கடை. உள்ளே வெள்ளைத் துணியில் சிவப்பு நண்டு வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார் கடைக்காரர். பெயர் இருளப்பன். பின்னால் நண்டுக் கொடிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன.

அறவாழியைப் பார்த்ததும் இருளப்பன் மெஷினை நிறுத்தினார். நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஐயா! நம்ம கடைக்கா? உக்காருங்க. உங்க கூட்டம் எதையும் நான் விட்டதில்லை. கடையை அடைச்சிட்டு வந்துடுவேன்."

அறவாழி உட்கார்ந்தார். தன் ஒரே கேள்வியைக் கேட்டார்.

"ஓட்டா?" என்று இருளப்பன் சிரித்தார். "ஐயா, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்கு எப்படிப் போடுறது?"

அறவாழி வாயைத் திறந்தார். குருவை நினைத்து மூடிக்கொண்டார்.

"போன தேர்தலப்போ இங்க சந்தை மைதானத்துல பேசுனீங்களே, ஞாபகம் இருக்கா? நண்டுக்கு ஓட்டுப் போட்டவன் மூளையை அடகு வெச்சவன்னு சொன்னீங்க. அடடா, என்ன சிரிப்பு! நாங்க சிரிச்ச மாதிரி உங்க கட்சிக்காரங்ககூடச் சிரிச்சிருக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடிச்சுக் காட்டுனேன். எம் பொண்ணு கேட்டுச்சு, 'அப்பா, நீ எதுக்குப் போட்டே'ன்னு."

அறவாழி காத்திருந்தார்.

"மறுபடியும் நண்டுக்கே குத்திட்டு வந்தேன். எனக்கு மூளை இருக்குன்னு எம் பொண்ணுக்குக் காட்டணும்ல?"

இதற்கு அறவாழியிடம் அருமையான பதில் ஒன்று இருந்தது. கைதட்டல் வாங்கக்கூடிய பதில். தொண்டைவரை வந்துவிட்டது. எச்சிலோடு விழுங்கினார்.

"தங்கப்பழம்னா?" என்று மட்டும் கேட்டார்.

"அவரா?" இருளப்பன் கையிலிருந்த துணியை நீவினார். "போன வெள்ளத்தப்போ வந்தாரு. இதே மாதிரி கொடி தைச்சுக்கிட்டிருந்தேன். கூடைக் கட்சிக்காரர் வர்றாரேன்னு சுருட்டி மறைக்கப் போனேன். 'எதுக்கு மறைக்கிறீங்க, தையுங்க, சொன்ன நாளைக்குக் குடுக்கணும்ல'ன்னாரு. நண்டுக்குக் கால் ஜாஸ்தி ஐயா, துணி நழுவிக்கிட்டே இருக்கும். அவரு அந்த முனையைப் புடிச்சுக்கிட்டாரு. நான் இந்த முனையில தைச்சேன். மழை விடுற வரைக்கும் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு."

"என்ன பேசினாரு?"

"எம் பொண்ணு என்ன படிக்குதுன்னு கேட்டாரு. உப்பு விலை கேட்டாரு. வேற என்ன பேசினோம்? ஒண்ணும் பேசலை."

"ஓட்டு கேட்டாரா?"

"கேக்கலை. ஆனா அவரு நின்னா நான் போடுவேன் ஐயா. எங்க கட்சியிலயே பாதிப் பேரு போடுவாங்க. எங்க கிளைச் செயலாளர்கிட்டயே கேட்டுப் பாருங்களேன்."

அறவாழி கேட்டுப் பார்த்தார். கிளைச் செயலாளர் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மீன் விற்கும் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார், படகுத்துறையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் என்று எல்லாரையும் கேட்டார். எல்லாரும் அவர் பேச்சைப் புகழ்ந்தார்கள். எல்லாரும் தங்கப்பழத்துக்குப் போடுவதாகச் சொன்னார்கள்.

வேறொருவராக இருந்தால் பஸ்ஸில் திரும்பும்போது கொஞ்சம் யோசித்திருப்பார். அறவாழிக்கு வயிறு பற்றி எரிந்தது. எரிந்துகொண்டிருந்த வயிற்றில் சட்டென்று ஒரு குளிர்ச்சியும் பரவியது. எழுந்து நின்று கூவலாம்போல இருந்தது அவருக்கு.

தங்கப்பழம் நண்டுக் கொடியைக் கையால் பிடித்திருக்கிறான்! எதிரியின் கொடியை! தைக்கவும் உதவியிருக்கிறான்! மாட்டிக்கொண்டான் பயல்.

இந்த இடத்தில் கூடைக் கட்சியின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் சபையில் போட்டியிடுகிறவர் தன்னைப் பற்றிப் பேசக் கூடாது. எதிரே நிற்பவரைப் பற்றித்தான் பேச வேண்டும், அதுவும் புகழ்ந்து. அதற்கு மாற்றுரை என்று பெயர். கட்சியைத் தொடங்கியவர் நல்ல எண்ணத்தோடுதான் இதை வைத்துவிட்டுப் போனார். பின்னால் வந்தவர்கள் லேசுப்பட்டவர்களா? தேனில் குழைத்து விஷம் கொடுக்கப் பழகிக்கொண்டார்கள். 'நம் நண்பர் மிக நல்லவர், உடம்பைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒருவர் சொன்னால் போதும், அந்த நண்பர் கதை அங்கேயே முடிந்துவிடும். இந்தக் கலையில் மாசிலாமணியை மிஞ்ச ஆளில்லை என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அறவாழி அந்தப் பேச்சுகளையெல்லாம் மனப்பாடம் செய்தவர்.

ஞாயிற்றுக்கிழமை சபை கூடியது. மாவட்டச் செயலாளர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். மாசிலாமணி வரவில்லை. அவர் எப்போதும் வருவதில்லை.

முதலில் தங்கப்பழத்தைப் பேச அழைத்தார்கள். பொருந்தாத முழுக்கைச் சட்டையோடு எழுந்து வந்தார். தொண்டையைச் செருமினார். மறுபடி செருமினார்.

"அறவாழி அண்ணன் பேசினா எனக்கு அழுகை வந்துடும். பாசறையில எனக்கு எழுதிக் குடுத்தது எல்லாம் அவருதான். நான் அதைக்கூட ஒழுங்காப் படிச்சதில்லை. அவரு ஜெயிலுக்குப் போனப்போ நான் வெளியில இருந்தேன், அது எனக்கு இன்னும் உறுத்துது. அவரு ஜனாதிபதி ஆனா நாட்டுக்கு நல்லது. அவ்வளவுதான்."

அவர் போய் உட்கார்ந்துவிட்டார். அறவாழி அந்தப் பேச்சில் விஷத்தைத் தேடினார். ஒவ்வொரு வார்த்தையாகப் புரட்டிப் பார்த்தார். ஒரு துளிகூட இல்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. நல்லவனாக இருப்பதில்கூட இவன் என்னை முந்த வேண்டுமா?

அறவாழி மேடை ஏறினார். சபை நிமிர்ந்து உட்கார்ந்தது.

"என் ஆருயிர்த் தம்பி தங்கப்பழம்" என்று தொடங்கினார். குரல் கணீரென்று இருந்தது. "இவரைப் போல் பரந்த மனம் படைத்தவர் நம் கட்சியில் யாருமில்லை. நமக்கெல்லாம் நண்பர்கள் நம் கட்சியில்தான் உண்டு. தம்பிக்கு எல்லாக் கட்சியிலும் உண்டு. நாம் எல்லாம் நம் கொடியைத்தான் பிடிப்போம். தம்பி எந்தக் கொடியையும் பிடிப்பார்!"

சபையில் சிரிப்பு எழுந்தது. தங்கப்பழம் தலையைக் குனிந்துகொண்டார்.

"நான் வெறும் வாயால் சொல்லவில்லை. உப்பளச்சேரிக்கே போனேன். இருளப்பன் என்ற தையல்காரர், நண்டுக் கட்சிக்காரர், அவரே சொன்னார். நம் தம்பி நண்டுக் கொடியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு உட்கார, அவர் மறுமுனையில் தைத்தாராம்! என்ன பெருந்தன்மை! எதிரியின் கொடி கோணலாகிவிடக் கூடாதே என்ற கவலை நம்மில் எத்தனை பேருக்கு வரும்?"

கைதட்டல் பலமாக வந்தது. முன்வரிசைச் செயலாளர்கள் தொடையில் தட்டிச் சிரித்தார்கள். அறவாழி தங்கப்பழத்தைப் பார்த்தார். அந்த முகம் சிவந்திருந்தது. இத்தனை வருஷத்தில் அறவாழிக்கு இவ்வளவு இனித்த நாள் இல்லை.

அந்த இனிப்பில் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். பொறாமைக்காரனுக்கு நிறுத்தத் தெரியாது.

"அந்த ஊர்க்காரர்களுக்குத் தம்பிமேல் எவ்வளவு பாசம் தெரியுமா? விட்டால் இவரை ஜனாதிபதி நாற்காலியிலேயே உட்கார வைத்துவிடுவார்கள்!"

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது. லூர்தம்மாள். வடக்கு மாவட்டச் செயலாளர். உப்பளச்சேரி அவர் மாவட்டத்தில்தான் இருந்தது. தேர்தல் தோறும் தோற்று, தேர்தல் தோறும் மறுபடி வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்.

"அண்ணே, ஒரு சந்தேகம்."

"கேளுங்க லூர்தம்மா."

"அந்தத் தையல்காரர் ஓட்டு யாருக்குன்னு சொன்னாரா?"

அறவாழிக்குக் கரும்பு தின்னக் கூலி கொடுத்ததுபோல் இருந்தது. "சொன்னாரே! தங்கப்பழம் நின்னா தங்கப்பழத்துக்குத்தான் போடுவேன்னு அடிச்சு சொன்னாரு. நண்டுக் கட்சிக்காரர் சொல்றாரு அம்மா! நினைச்சுப் பாருங்க!"

"கூடைச் சின்னத்துலயா?"

"கூடைச் சின்னத்துலதான்."

"அவரு மட்டுமா?"

"அவரு மட்டுமா? கிளைச் செயலாளரே சொன்னாரு! மீன்காரம்மா, வாத்தியாரு, படகுத்துறையில சீட்டாடுறவன் வரைக்கும் சொன்னான். அந்த ஊரே அவரு கையில இருக்கு. எதிரி ஊரு பூராவும் ஒருத்தரைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா, அதுக்கு என்ன அர்த்தம்னு நான் சொல்ல வேண்டியதில்லை!"

யாரும் சிரிக்கவில்லை.

லூர்தம்மாள் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "உங்களுக்குப் போடுவாங்களான்னு கேட்டீங்களா அண்ணே?"

அறவாழி பொய் சொல்லிப் பழகாதவர். மற்ற குறை எது இருந்தாலும் அந்தக் குறை அவரிடம் இல்லை.

"கேட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"என் பேச்சு நல்லா இருக்கும்னு சொன்னாங்க."

லூர்தம்மாள் உட்கார்ந்தார். பக்கத்திலிருந்த செயலாளரிடம் ஏதோ சொன்னார். அவர் அடுத்தவரிடம் குனிந்தார். முணுமுணுப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. தொடையில் தட்டிச் சிரித்தவர்கள் இப்போது அறவாழியைப் பார்க்கவில்லை. தங்கப்பழத்தைப் பார்த்தார்கள். ஏதோ அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். அறவாழிக்கு அவருடைய சொந்த மாவட்டம் மட்டும் தூக்கியது. மற்ற எல்லாக் கையும் தங்கப்பழத்துக்குப் போனது.

தங்கப்பழம் மேடைக்கு ஓடிவந்தார். "அண்ணே, நான் உப்பளச்சேரிக்கு ஏதோ போனதோட சரி. நீங்க போய் இவ்வளவு கேட்டுட்டு வந்து எனக்காகச் சொல்லியிருக்கீங்களே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

அறவாழி கையை உருவிக்கொண்டு வெளியே நடந்தார்.

மறுநாள் காலை அவர் பாசறைக்கு வந்தபோது மாசிலாமணி தோப்பில் காயவைத்த முந்திரிக் கொட்டைகளைக் கிளறிக்கொண்டிருந்தார். அறவாழி செருப்பைக் கழற்ற மறந்துவிட்டார்.

"நீங்க வேணும்னேதானே என்னை அந்த ஊருக்கு அனுப்புனீங்க?"

"ஆமா."

"தங்கப்பழத்துக்காக."

"நீ கேட்டதுக்காக."

"நான் என்ன கேட்டேன்?"

"ஜெயிக்கிற வேட்பாளர் யாருன்னு கேட்டே."

"அதுக்கு நீங்க பதிலே சொல்லலையே!"

"நான் சொல்லலை. நீதான் சொன்னே. சபை நிறைய ஆள் வெச்சுக்கிட்டுச் சொல்லியிருக்கே."

அறவாழி தரையில் உட்கார்ந்தார். மூட்டு வலித்தது.

"எனக்குப் பொறாமைதான் ஐயா. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? பக்கத்துப் பாயில படுத்த நாள்லேர்ந்து பொறாமை. அவன் குறட்டை விட்டுத் தூங்குவான், நான் நாளைக்கு என்ன பேசலாம்னு யோசிச்சுக்கிட்டுக் கிடப்பேன். காலையில எழுந்தா எல்லாரும் அவனைச் சுத்தி நிப்பாங்க. நேத்து என் கையைப் புடிச்சு நன்றி சொல்றான். நான் அவனைக் கொல்லப் பேசின பேச்சுக்கு நன்றி சொல்றான் ஐயா! அது அவனுக்குத் தெரியக்கூட இல்லை. இல்லை, தெரிஞ்சுதான் சொல்றானோ? ராத்திரி பூரா அதை நினைச்சு நினைச்சு வயிறு எரியுது."

"எரியும்."

"அந்த ஊரு சொன்னதை மட்டும் நான் மறைச்சிருந்தா?"

"கொடிக் கதையோட நிறுத்தியிருந்தா நீதான் வேட்பாளர்."

"நல்லாத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும்."

அறவாழி தலையில் கைவைத்துக்கொண்டார். "ஒரு வாக்கியம்! ஒரு வாக்கியம் கூடுதலாப் பேசிட்டேன்!"

மாசிலாமணி கொட்டைகளை ஒரு பக்கமாகத் தள்ளினார். வெயில் படாத கொட்டைகள் மேலே வந்தன.

"நானும் உப்பளச்சேரிக்குப் போயிருக்கேன்" என்றார்.

அறவாழி நிமிர்ந்தார்.

"எப்போ?"

"ஒவ்வொரு தடவையும். சபைக்கு முன்னாடி."

"என்னைக் கேட்டுட்டு வரச் சொன்னீங்களே, அதே கேள்வியையா கேட்டீங்க?"

மாசிலாமணி தலையாட்டினார்.

"அதே கேள்விதான்."

"என்ன சொன்னாங்க?"

"முதல் தடவை ஒரு பேரைச் சொன்னாங்க. அடுத்த தடவை வேற பேரு. கடைசித் தடவை இன்னொரு பேரு. என் பேரைச் சொல்லலை. சபையில எனக்கு எதிர்ல நின்னவர் பேரைத்தான் மூணு தடவையும் சொன்னாங்க."

"நீங்க அதைச் சபையில சொன்னீங்களா?"

மாசிலாமணி கிளறுவதை நிறுத்திவிட்டு, குனிந்த முதுகை மெல்ல நிமிர்த்தினார்.

"கடைசியாத் தோத்த மறுவாரம் அந்த ஊர் மீன்காரம்மா ஒருத்தி பஸ் ஏறி இங்க வந்தா. ஆறுதல் சொல்ல வந்திருக்கான்னு நினைச்சேன். இங்கதான் நின்னா. 'நாங்க எங்க ஓட்டை எடுத்து வெச்சுக்கிட்டுத்தான் காத்திருந்தோம் சாமி. நாங்க சொன்ன ஆளை நீங்க அனுப்பவே இல்லையே'ன்னு கேட்டா."